பானட்ல கல்லடி, ரெண்டு இடத்துல துரு: சாரல் நேரத்துல வீட்டுலயே டச்சப் பண்ணலாமா?

மேக்கரை_சில்வர்:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி மாருதி ஹேட்ச்பேக், சில்க்கி சில்வர் கலர். ஓட்டம் பூரா செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியா புனலூர் வரைக்கும். ஜல்லியும் எம்-சாண்டும் ஏத்திட்டு கேரளா போற டாரஸ் லாரிக்குப் பின்னாடிதான் பாதி நேரம் மலை ஏற வேண்டியிருக்கு.

இப்போதைய நிலைமை இது. பானட் முன் விளிம்புல கடுகு அளவுக்கு ஏழெட்டுப் புள்ளி, சிலதுல சாம்பல் கலர் தெரியுது. அதுல ஒண்ணு மட்டும் மிளகு அளவு, அடியில பழுப்பாத் துரு. முன் கண்ணாடிக்கு மேல ரூஃப் விளிம்புல ஒண்ணு, அதுலயும் துரு, சுத்தி பெயிண்ட் லேசா உப்பின மாதிரி இருக்கு. பம்பர்ல நிறைய. கதவுக்குக் கீழ உள்ள பேனல்ல, சொரசொரப்பா இருக்கிற இடத்துலயும் ரெண்டு மூணு.

முழு பானட்டும் அடிச்சாத்தான் சரிவரும்னு பட்டறையில சொல்றாங்க. ஷோரூம் வண்டி மாதிரி வரணும்னு எனக்கு இல்ல. துரு பரவக் கூடாது, நாலடி தள்ளி நின்னு பாத்தா கண்ணுல படக் கூடாது, அது போதும். சாரல் ஆரம்பிச்சிருச்சு. இந்த ஈரத்துல கை வைக்கலாமா, இல்ல தை மாசம் வரைக்கும் பொறுக்கணுமா? துருவை எப்படி எடுக்கிறது? கலர் எப்படிக் கேட்டு வாங்குறது? விவரமாச் சொன்னா நல்லது.

---

பட்டறை_அண்ணாச்சி:

தம்பி, தை வரைக்கும் விடாதீங்க. தகரம் வெளிய தெரியுற இடத்தை இப்பவே மூடிரணும். பளபளப்பு பாக்குற வேலையை வெயில் காலத்துக்குத் தள்ளிக்கலாம். இது ரெண்டையும் தனித்தனி வேலையாப் பிரிச்சுக்கிட்டாலே பாதிக் குழப்பம் தீந்துரும்.

முதல்ல ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு ஆழம்னு பாக்கணும். கம்பெனி பெயிண்ட் மொத்தமும் சேத்தா ஒரு ஜெராக்ஸ் பேப்பர் தடிமன்தான், சுமாரா 100 மைக்ரானுக்குக் கொஞ்சம் மேல. தகரத்து மேல பாஸ்பேட் பூச்சு, அதுக்கு மேல கரண்ட் பாய்ச்சி முக்கி எடுக்கிற ஈ-கோட், அப்புறம் பிரைமர், கலர், கடைசியா நிறமில்லாத பளபளப்புப் பூச்சான கிளியர். கலர் லேயர் 15 மைக்ரான் சொச்சம்தான். கிளியர் 40, 50 இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சுப் பாருங்க:

வெள்ளையாக் கீறல் மாதிரி மட்டும் இருந்தா கிளியர்தான் போயிருக்கு. அதுல கலர் வைக்காதீங்க, கிளியர் ஒரு சொட்டு போதும்.

சாம்பல் தெரிஞ்சா பிரைமரோ ஈ-கோட்டோ இன்னும் இருக்கு. அதைச் சொரண்டாதீங்க. கம்பெனி ஈ-கோட் அளவுக்குத் துருவைத் தடுக்கிற பொருள் எதையும் நம்மால கையால வைக்க முடியாது. சுத்தம் பண்ணிட்டு நேரா கலர், கிளியர்.

மினுமினுன்னு வெள்ளித் தகரம் தெரிஞ்சாலோ, பழுப்பாத் தெரிஞ்சாலோ மட்டும்தான் பிரைமர் வேணும். உங்க வண்டியில அப்படி ரெண்டு இடம்தான்.

இனி துரு. மிளகு அளவுப் புள்ளிக்கு ஃபைபர்கிளாஸ் பேனா நல்ல சாமான். ஆன்லைன்ல கிடைக்கும், முனையை ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல நீட்டாமப் பிடிச்சுத் துரு மேல மட்டும் சுத்துங்க. அதோட தூள் தோல்ல ஏறுனா முள்ளு மாதிரி குத்திட்டே இருக்கும். கையுறை, கண்ணாடி ரெண்டும் போட்டுக்கோங்க, தூளை வாயால ஊதாம ஈரத் துணியால ஒத்தி எடுங்க. பேனா கிடைக்கலன்னா 400 நம்பர் வாட்டர் பேப்பரை சின்ன வட்டமா வெட்டி பென்சில் கட்டையோட அடிப்பக்கத்துல ஃபெவிக்விக் வச்சு ஒட்டிக்கிட்டா அதுவே போதும். குழிக்கு உள்ள கருப்புப் புள்ளியா நிக்கிற துருவை ஊசி முனையால கிளறணும். புதுத் துரு மேலாப்புல பழுப்பா இருக்கும். பழைய துரு தகரத்துக்குள்ள இறங்கிக் கருப்பா நிக்கும். அந்தக் கருப்பை விட்டுட்டு மேல பெயிண்ட் வச்சா ஒரு மழைக்காலத்துல மறுபடி உப்பிரும்.

இன்னொண்ணு ரொம்ப முக்கியம். புள்ளியோட ஓரத்துல பெயிண்ட் ஒட்டாமத் தொங்கிட்டு இருக்கும். ஊசியால லேசா நெம்பிப் பாருங்க. கழண்டு வர்ற வரைக்கும் எடுத்துரணும். புள்ளி பெரிசாகுதேன்னு பயந்து விட்டுட்டா, அந்த ஓரத்துக்கு அடியிலதான் தண்ணி போய் உக்காரும். ஒட்டியிருக்கிற பெயிண்ட் வரைக்கும் வந்தபிறகு 1000 நம்பரால ஓரத்தைக் கொஞ்சம் சரிவாக்கி விடுங்க. செங்குத்தா விட்டா கலர் ஓரத்துல மெலிசா நிக்கும், வட்டமா ஒரு கோடு தெரியும்.

எவ்வளவு கிளறுனாலும் ஒண்ணு ரெண்டு கருப்புப் புள்ளி போகலன்னா ரஸ்ட் கன்வெர்ட்டர், அதாவது துருவையே கெட்டிப் படலமா மாத்துற மருந்து. அதுல ரெண்டு வகை உண்டு. பாஸ்பரிக் ஆசிட் வகைன்னா துரு சாம்பல் கருப்பா மாறும். டப்பாவுல போட்ட நேரம் கழிஞ்சதும் ஈரத் துணியால நல்லாத் துடைச்சு, காய வச்சுட்டுத்தான் அடுத்த வேலை. ஆசிட் மிச்சம் இருக்கிற இடத்துல எப்பாக்சி பிரைமர் வச்சா அது சரியா இறுகாது, நகத்துல உரிஞ்சு வந்துரும். டானிக் ஆசிட் வகைன்னா நீலக் கருப்பாப் படலம் கட்டும், அதைக் கழுவக் கூடாது, ஒரு நாள் காயணும். எதுவானாலும் பல்குத்துற குச்சி முனையில எடுத்துக் குழிக்குள்ள மட்டும். கிளியர் மேல வழிஞ்சா கறை விழும்.

பிரைமருக்குத் தனி டப்பா வாங்க வேண்டாம். சாம்பல் பிரைமர் ஸ்ப்ரே ஒண்ணு போதும். மூடிக்குள்ள ஒரு விநாடி அடிச்சு, தேங்குற சொட்டைக் குச்சியால தொட்டு வைங்க. தகரத்தை மட்டும் மூடுற அளவு. சுத்தியிருக்கிற கலர் மேல ஏறக் கூடாது, குழியை நிரப்பவும் கூடாது. ஒரு மணி நேரம் விட்டுட்டு அன்னைக்கே கலரும் கிளியரும் வச்சுருங்க. ஸ்ப்ரே பிரைமர் ஈரத்தை உறிஞ்சும். ‘பிரைமர் போட்டாச்சு, மிச்சத்தை அடுத்த வாரம் பாத்துக்கலாம்’னு சாரல்ல வண்டியை நிறுத்துனா, அதுக்கு அடியிலயே துரு கிளம்பிரும். டச்சப் பண்ணின இடம் ஒரே வருஷத்துல கெட்டுப் போறதுக்கு அதிகமா இதுதான் காரணம்.

---

புனலூர்_பாதை:

அண்ணாச்சி சொன்னதுக்கு மேல, இந்த ஊர் ஈரத்தைப் பத்தி மட்டும் சொல்றேன். மலைக்கு ரெண்டு பக்கமும் இதுதான் வேலையைக் கெடுக்குது.

டச்சப் பாட்டில்ல இருக்கிறது பெரும்பாலும் லேக்கர், அதாவது கரைப்பான் ஆவியானாலே இறுகுற பெயிண்ட். அதுல உள்ள கரைப்பான் ஆவியாகும்போது அந்த இடத்தைக் குளிர வைக்கும். காத்துல ஈரம் 80, 85 சதவீதத்துக்கு மேல இருந்தா அந்தக் குளிர்ல தண்ணி படிஞ்சு கிளியர் பால் மாதிரி வெளுத்துரும். பிளஷிங்னு சொல்வாங்க. சாரல் தூறிட்டு இருக்கும்போது திறந்த வெளியில வச்சா கிட்டத்தட்ட உறுதியா வெளுக்கும்.

அதுக்காக மாசக்கணக்காக் காத்திருக்க வேண்டியதில்ல. தூறல் விட்டு, தரை காஞ்சு, ரெண்டு மூணு மணி நேரம் காத்து அடிக்கிற நாளாப் பாருங்க. செங்கோட்டைப் பக்கம்னா பத்து மணிக்கு மேல மூணு மணிக்குள்ள. சாயந்திரம் ஆரம்பிச்சா பெயிண்ட் காயுறதுக்குள்ள பனி இறங்கிரும். ஆனா அங்க அடிக்கிற மேல்காத்துல தூசியும் வரும், அதனால ஷெட்டுக்குள்ளயோ போர்ட்டிகோவிலயோ வச்சுப் பண்ணுங்க. கிழக்க வர்ற ஐப்பசி மழையை விட இந்தச் சாரல்தான் தொந்தரவு, ஏன்னா நாள் பூரா காத்துல ஈரம் இறங்கவே இறங்காது. கேரளப் பக்கம் ஐப்பசியில மதியத்துக்கு மேலதான் இடி மழை, காலையில வேலையை முடிச்சுரலாம்.

முடி காய வைக்கிற டிரையர் ஒண்ணு கட்டாயம் வேணும். பெயிண்ட் வைக்கிறதுக்கு முன்னாடி அந்த இடத்தை ஒரு நிமிஷம் சூடு காட்டுங்க. கை வச்சா இளஞ்சூடு, அதுக்கு மேல வேண்டாம். சில்லுன்னு இருக்கிற தகரத்துல கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிஞ்சிருக்கும். குழிக்குள்ள இருக்கிற ஈரத்துக்கு வெளிய வர வேற வழி கிடையாது. வச்சபிறகு ஒரு முழம் தள்ளிப் பிடிச்சு, குறைஞ்ச சூட்டுல ரெண்டு நிமிஷம். கிட்டப் பிடிச்சு வேகமாக் காய வச்சா மேல தோல் கட்டி, உள்ள இருக்கிற கரைப்பான் கொப்புளமா வெடிக்கும்.

வெளுத்துருச்சுன்னா பதறித் துடைக்காதீங்க. பெயிண்ட் கடையில ரிட்டார்டர் தின்னர்னு கேளுங்க, மெதுவா ஆவியாகுற தின்னர். குச்சி முனையில ஒரே ஒரு துளி தொட்டு வச்சு டிரையரைத் தள்ளிப் பிடிச்சா, படலம் திரும்ப இளகி உள்ள சிக்குன ஈரம் வெளிய வந்துரும். அடுத்த முறை கிளியர் கலக்கும்போதே பத்துல ஒரு பங்கு ரிட்டார்டர் சேத்துக்கோங்க. காய நேரம் கூடும், ஆனா வெளுக்காது.

பங்குனி வெயில்ல புனலூர்ல நேர் எதிர்ப் பிரச்சனை. வெயில்ல நின்ன பானட்ல வச்சா பெயிண்ட் ஓரத்துக்கு ஓடுறதுக்கு முன்னாடியே இறுகி மேடு கட்டிரும். நிழல்ல நிறுத்தி ஆற விட்டுத்தான் தொடணும்.

---

கடையநல்லூர்_ஓட்டம்:

இவ்வளவு மெனக்கெடணுமா? பெட்ரோல் போட்டுத் துடைச்சுட்டு அதே கலர் நெயில் பாலிஷ் ரெண்டு சொட்டு வச்சா போதுமே. துருவுக்கு டபிள்யூ.டி-40 அடிச்சா நின்னுரும்.

---

பட்டறை_அண்ணாச்சி:

தம்பி, மூணுமே வேண்டாம், காரணத்தோட சொல்றேன்.

பெட்ரோல் எண்ணெய்ப் பசையை விட்டுட்டுப் போகும். அது மேல பெயிண்ட் பிடிக்காது. டபிள்யூ.டி-40யும் அதே கதை. தண்ணியை விரட்டும், இருக்கிற துருவை மாத்தாது, அடிச்ச இடத்துல அப்புறம் என்ன வச்சாலும் மீன் கண்ணு மாதிரி வட்ட வட்டமா ஒதுங்கும். நெயில் பாலிஷ் நகத்துல ஒரு வாரம் நிக்கிறதுக்குன்னு செஞ்சது. வெயில்ல நிறம் மாறி, தகரம் சூட்டுல விரியும்போது கூட விரியாம வெடிச்சிரும். வெடிச்ச கோட்டு வழியாத் தண்ணி போகும், மேல மூடியிருக்கிறதால காயாது. திறந்து கிடந்த புள்ளியை விட அது மோசம்.

சுத்தம் பண்ண முறை இதுதான்: ஷாம்பு போட்டுக் கழுவுங்க. தார்ப் புள்ளி இருந்தா மண்ணெண்ணெய் தொட்ட துணியால எடுத்துட்டுத் திரும்ப ஷாம்பு. காஞ்ச பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டு ஒத்தி எடுங்க. செல்போன் சர்வீஸ் கடைகளுக்குச் சாமான் விக்கிற இடத்துல கிடைக்கும். டேஷ்போர்டு, டயர் பளபளப்புக்குப் போடுற சிலிகான் பாலிஷை அன்னைக்கு வண்டி பக்கத்துல திறக்கவே கூடாது. அதோட துளி காத்துல வந்து பட்டாலும் மீன் கண்ணு விழும்.

---

கலர்_கோடு:

சில்வர் பத்தி யாரும் இன்னும் தொடவில்லை. டச்சப்பில் இருப்பதிலேயே சிரமமான நிறம் அதுதான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நிறத்தைப் பெயர் சொல்லி வாங்காதீர்கள், கோடு சொல்லி வாங்குங்கள். மாருதி சில்க்கி சில்வர் என்றால் இசட்-2-எஸ். பானட்டைத் திறந்தால் உள்ளே இருக்கும் தகட்டிலோ, கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ கோடு இருக்கும், உங்கள் வண்டியில் எது போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. ஒரே கோடு என்றாலும் வண்டிக்கு வண்டி சின்ன வித்தியாசம் உண்டு. வருடக்கணக்கில் வெயிலில் நின்ற பானட் இன்னும் மாறியிருக்கும். கம்ப்யூட்டர் மிக்ஸிங் செய்யும் கடைக்கு வண்டியையே கொண்டுபோய்க் காட்டிக் கலக்குவது நல்லது. 100 மி.லி. கேளுங்கள், அதற்கு மேல் உங்களுக்குத் தேவையும் இல்லை. பேஸ் கோட் என்று கேட்டு வாங்குங்கள். அதற்கு மேல் கிளியர் கட்டாயம், கிளியர் இல்லாத பேஸ் கோட் சுண்ணாம்பு அடித்ததுபோல் மங்கலாக நிற்கும்.

சில்வரில் மினுக்குவது அலுமினியச் செதில். கம்பெனியில் ஸ்ப்ரே அடிக்கும்போது அந்தச் செதில்கள் படுத்துக்கொள்கின்றன, ஒளி நேராகத் திரும்பி வருகிறது. பிரஷ்ஷால் வைக்கும்போது கண்டபடி நிற்கின்றன, அதனால் அதே பெயிண்ட் அரை நிழல் இருட்டாகத் தெரியும். இதைப் பார்த்துவிட்டு ‘கலர் தப்பாகக் கொடுத்துவிட்டான்’ என்று கடையில் சண்டைக்குப் போகிறவர்கள் நிறைய. முழுவதுமாகப் போக்க முடியாது, குறைக்க முடியும்:

பாட்டிலுக்குள் இருக்கும் குண்டு சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகும் இரண்டு நிமிடம் குலுக்குங்கள். செதில் கனமானது, அடியில் போய் உட்கார்ந்திருக்கும். குலுக்காமல் தொட்டால் மேலே இருக்கும் வெறும் பிசின்தான் வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பக் குலுக்குங்கள்.

பாட்டிலோடு வரும் பிரஷ் வேண்டாம், அது கடுகு அளவுப் புள்ளியில் மூன்று மடங்கு பெயிண்ட் கொட்டும். மூன்று சைபர் ஓவியப் பிரஷ், அல்லது கூர் மழுங்கிய பல்குத்தும் குச்சி. கொஞ்சம் தின்னர் கலந்து பெயிண்டை நீர்க்க வைத்துக்கொண்டால் செதில் படுப்பதற்கு நேரம் கிடைக்கும். இழுக்காதீர்கள். குழியின் நடுவில் ஒரு துளி வைத்தால் அதுவே ஓரம் வரை ஓடும். அரை மணி இடைவெளியில் மூன்று மெல்லிய தடவை. ஒரே தடவையில் நிரப்பினால் மேலே இறுகி உள்ளே ஈரமாகவே கிடந்து, பிறகு சுருங்கிப் பள்ளமாகும்.

கலர் சுற்றியிருக்கும் பரப்பை விடக் கொஞ்சம் கீழேயே நிற்கட்டும். மீதிப் பள்ளத்தைக் கிளியர் நிரப்ப வேண்டும். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம், ஏனென்றால் மேடாக வைத்த சில்வரை யாராவது தேய்த்து மட்டம் செய்யப் பார்த்தால், செதில் அறுபட்டுக் கறுத்துவிடும். மெட்டாலிக் கலரில் தேய்ப்பது கிளியரை மட்டும்தான்.

ஒரு வெள்ளை அட்டையில் வைத்துக் காயவிட்டு, மேலே கிளியர் வைத்து, பானட்டோடு சேர்த்து வெயிலில் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவீர்கள், கிளியர் போட்டதும் நிறம் இறங்கும். டியூப்லைட் வெளிச்சம் வேண்டவே வேண்டாம்.

வெள்ளைக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: சாதாரண சாலிட் வெள்ளை என்றால் இந்தச் சிரமம் எதுவும் இல்லை. பேர்ல் வெள்ளை என்றால் சில வண்டிகளில் வெள்ளைக்கு மேல் முத்துப் படலம் தனி லேயர், இரண்டு பாட்டில் வாங்க வேண்டியிருக்கும், கடையில் கோடு சொன்னால் தெரிந்துவிடும்.

---

மேக்கரை_சில்வர்:

ரொம்ப நன்றி அண்ணாச்சி, எல்லாருக்கும் நன்றி. பானட்ல உள்ளதைத் தைரியமாப் பண்ணிருவேன். ரூஃப்ல உள்ளதை ஊசியால நெம்பிப் பாத்தேன், பெயிண்ட் சில்லு சில்லா வந்துட்டே இருக்கு. இப்ப பட்டாணி அளவு ஆயிருச்சு, கண்ணாடி ரப்பர் பக்கமா இன்னும் போகுற மாதிரி தெரியுது. நிறுத்திரணுமா, தொடரணுமா? அப்புறம் பம்பருக்கும் கீழ் பேனலுக்கும் இதே முறைதானா?

---

பட்டறை_அண்ணாச்சி:

ரூஃப்ல தொடருங்க, ஆனா ஒரு எல்லை வச்சுக்கோங்க. பெயிண்ட் கெட்டியாப் பிடிச்ச இடம் வந்து நின்னா, அதாவது கண்ணாடி ரப்பருக்கு வெளியவே நின்னுட்டா, அது உங்களால முடியுற வேலைதான். நகத்தளவு வந்தாலும் பரவாயில்ல. அந்த அளவுக்குக் குச்சியை விட்டுட்டு, சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டி 400ல தேய்ச்சு, பெயிண்ட் ஓரத்தை மட்டும் 800ல சரிவாக்கிட்டு, அப்புறம் எப்பாக்சி பிரைமர். டூ கே எப்பாக்சி ரெண்டு டப்பாவா வரும், அதுல போட்ட அளவுல கலக்கி, அவங்க சொன்ன நேரத்துக்குள்ள வச்சுரணும். ஸ்ப்ரே பிரைமரை விட அது ஈரத்தைத் தடுக்கும், ரூஃப் விளிம்புக்கு அதுதான் சரி. ஏன்னா காத்து முட்டித் தண்ணி தேங்குற இடம் அது.

துரு ரப்பருக்கு அடியில போகுதுன்னா நிறுத்திருங்க. கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறது அந்தத் தகரத்துலதான். அங்க துரு ஓடிச்சுன்னா பசை பிடிப்பு போயிரும், மழைத் தண்ணி உள்ள இறங்கும். கண்ணாடியைக் கழட்டித்தான் பாக்கணும், அது பட்டறை வேலை. கொண்டு போற வரைக்கும் தெரியுற இடத்துல கன்வெர்ட்டரும் எப்பாக்சி பிரைமரும் வச்சு மூடி வைங்க.

பம்பர் பிளாஸ்டிக். துரு பேச்சே இல்ல, அதனால அவசரமும் இல்ல. பிளாஸ்டிக் தெரியுற இடத்துல பிளாஸ்டிக் பிரைமர் ஒரு துளி வச்சுட்டுக் கலரும் கிளியரும் வைங்க, சாதா பிரைமர் வச்சா உரிஞ்சு வரும். நிறைய இருந்தா விட்டுருங்க, எப்படியும் அடுத்த மாசம் புதுசா விழும்.

கீழ் பேனல்ல சொரசொரப்பா இருக்கிறது கல்லடியைத் தாங்குறதுக்குன்னே கம்பெனி போட்ட ரப்பர் மாதிரிப் பூச்சு. அதை வாட்டர் பேப்பரால தொடவே தொடாதீங்க, மட்டமாயிட்டா அந்த இடம் மட்டும் வழுவழுன்னு தனியாத் தெரியும். துரு இருந்தா எடுத்து, பிரைமர், கலர், கிளியர், அவ்வளவுதான். டயர் வாரி அடிக்கிற கல்லுதான் அங்க படுது, மட்-ஃபிளாப் கிழிஞ்சிருக்கான்னு பாருங்க.

அப்புறம், கிளியர்ல டூ கே ஸ்ப்ரே வாங்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. கெட்டியா நிக்கும், உண்மைதான். ஆனா அதோட ஹார்ட்னர்ல ஐசோசயனேட் இருக்கு. துணி மாஸ்க் எல்லாம் அதைத் தடுக்காது, மூச்சுக்குழல்ல ஒருதடவை ஒவ்வாமை வந்துட்டா ஆயுசுக்கும் போகாது. போர்ட்டிகோவுல, பிள்ளைங்க நடமாடுற இடத்துல ஸ்ப்ரேயா அடிக்காதீங்க. புள்ளிக்கு லேக்கர் கிளியரே போதும்.

---

தேய்ப்பு_பாலிஷ்:

கிளியர் வைத்த பிறகு உள்ள வேலைக்கு நான் சொல்றேன். இங்கதான் அவசரப்பட்டு நல்லா இருக்கிற பெயிண்ட்டையும் கெடுத்துக்கிறாங்க.

கிளியர் ரெண்டு மூணு தடவை, இடையில ஒரு மணி நேரம். கடைசியில சுத்தியிருக்கிறதை விட ஒரு மயிரிழை மேடா நிக்கணும். காயக் காய இறங்கும். வெயில் நாள்ல ஒரு வாரம், இந்தச் சாரல்ல ரெண்டு வாரம் கழிச்சுத்தான் பேப்பரே எடுக்கணும். நகத்தை அழுத்துனா தடம் விழக் கூடாது. அதுதான் பரிசோதனை.

2000 நம்பர் வாட்டர் பேப்பரை ரெண்டு சொட்டு ஷாம்பு விட்ட தண்ணியில பத்து நிமிஷம் ஊற வைங்க. விரலால தேய்ச்சா பள்ளம் விழும். பள்ளிக்கூட ரப்பர் துண்டு ஒண்ணைச் சுண்டுவிரல் நகம் அகலத்துக்கு வெட்டி, அதுல சுத்திக்கோங்க. புள்ளியைச் சுத்தி நாலு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு மேட்டை மட்டும் தேய்ங்க. பேப்பர் டேப்பை உரச ஆரம்பிச்சா நிறுத்தி, டேப்பை எடுத்துட்டு, மிச்சத்தை 3000 நம்பரால மெதுவா. அஞ்சாறு இழுப்புக்கு ஒருதடவை துடைச்சுப் பாருங்க. தேய்க்கிற தண்ணி வெள்ளையா வர்ற வரைக்கும் கிளியர்தான் தேயுது. சாம்பலா மாறுச்சுன்னா சில்வரைத் தொட்டுட்டீங்க, உடனே நிறுத்திக் கழுவிக் காய வச்சுத் திரும்பக் கிளியர். பானட் முன் மடிப்புல கம்பெனி பெயிண்ட் மத்த இடத்தை விட மெலிசா இருக்கும், அங்க பேப்பரே வேண்டாம். மேடாவே விட்டுருங்க. புள்ளி மூடியிருந்தா போதும், கிளியரை அறுத்துட்டா அங்கேருந்து உரிய ஆரம்பிச்சிரும்.

அப்புறம் நைஸ் கம்பவுண்ட், மைக்ரோஃபைபர் துணி, கையாலயே. மிஷின் வேண்டாம், சூட்டுல புது லேக்கர் இளகித் துணியோட வந்துரும். மெழுகுப் பாலிஷ் ஒரு மாசம் கழிச்சு.

பி.பி.எஃப், அதாவது பெயிண்ட் மேல ஒட்டுற நிறமில்லாத பாதுகாப்பு ஃபிலிம் பத்தியும் சொல்லிர்றேன், ஏன்னா இந்த ரூட்டுக்கு அது பிரயோஜனம் உள்ள செலவு. செராமிக் கோட்டிங் கல்லடியைத் தடுக்காது, அது ஒண்ணு ரெண்டு மைக்ரான் படலம். பி.பி.எஃப் 150லேருந்து 200 மைக்ரான் வரும், கல்லு பட்டா உள்வாங்கும். முழு வண்டிக்கும் வேண்டாம், பானட் முன்பகுதி ஒரு முழம், ரூஃப் விளிம்பு, கண்ணாடிச் சட்டம் போதும். டச்சப் பண்ணி ஒரு மாசம் ஆன பிறகு ஒட்டுங்க. பின்னாடி எப்பவாவது ஃபிலிமை உரிச்சா டச்சப் புள்ளியும் கூட வர வாய்ப்பு இருக்கு. அப்படி வந்தா திரும்ப வச்சுக்கிட வேண்டியதுதான்.

பட்டறையில முழு பானட் அடிக்கிறதை இன்சூரன்ஸ்ல போடலாம்னு சொல்வாங்க. ஒரு கிளைம் போட்டா நோ கிளைம் போனஸ் போகும். அஞ்சு வருஷம் கிளைம் இல்லாம இருந்தா அது சொந்த சேதப் பிரீமியத்துல 50 சதவீதம். உங்க பாலிசியில இப்ப எத்தனை சதவீதம் இருக்குன்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க. அது போக, துரு இல்லாத பானட்ல இருக்கிற கம்பெனி பெயிண்ட்டைத் தேய்ச்சு எடுக்கச் சம்மதிக்காதீங்க. 140, 150 டிகிரி அடுப்புல சுட்டு எடுத்தது அது, பட்டறையில அடிக்கிறது அந்தக் கெட்டித்தனத்துக்கு வராது.

---

புனலூர்_பாதை:

லாரி விஷயம்: படுதா கட்டாத டாரஸ்லேருந்து விழுற ஜல்லியை விட, அது டயரு வாரித் தூக்குற கல்லுதான் அதிகம். அடியோட வேகம் ரெண்டு மடங்கானா தாக்கம் நாலு மடங்கு. புளியரை எஸ் வளைவுல லாரி ஊர்ந்துட்டு இருக்கும்போது ஒட்டிப் போனாலும் பெரிசா ஒண்ணும் ஆகாது. ஆரியங்காவு தாண்டி இறக்கத்துல ரெண்டு பேரும் வேகம் எடுக்கும்போதுதான் விழுது. அங்க நாலு விநாடி இடைவெளி விடுங்க. ஓவர்டேக் பண்ணிட்டு எதிர்ல வர்ற லாரி ஓரத்துச் சரளையில டயரை இறக்கினா அதுல தப்பிக்க வழியில்ல.

---

மேக்கரை_சில்வர்:

ரூஃப்ல ரப்பருக்கு வெளியவே நின்னுருச்சு, கெட்டிப் பெயிண்ட் வந்துட்டு. எப்பாக்சி வாங்கப் போறேன். 100 மி.லி. பேஸ் கோட் வாங்குனா மிச்சம் நிறைய இருக்குமே, அதை எப்படி வச்சுக்கிறது?

---

கலர்_கோடு:

வாங்கிய அன்றே 10, 15 மி.லி. சின்னக் கண்ணாடிப் பாட்டில்களில் கழுத்து வரை நிரப்பிப் பிரித்து வைத்துவிடுங்கள். பாதி காலியான டப்பாவில் இருக்கும் காற்றிலேயே கரைப்பான் ஆவியாகி பெயிண்ட் கெட்டியாகும். இந்த ஊர்க் காற்றில் மூடி திறக்கும்போதெல்லாம் ஈரமும் உள்ளே போகும். மூடும் முன் பாட்டில் வாயின் மரையைத் தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை மூடி திறக்காது. ஒவ்வொன்றுக்குள்ளும் பேரிங் குண்டு ஒன்று போட்டு, கோடும் கலக்கிய தேதியும் எழுதி ஒட்டி, வீட்டுக்குள் வெயில் படாத அலமாரியில் வையுங்கள். வண்டியின் கிளவ் பாக்ஸில் வைக்க வேண்டாம், நிறுத்திய வண்டிக்குள் ஏறும் சூட்டில் மூடி வழியாகக் கசியும், தீப்பிடிக்கக்கூடிய பொருளும்கூட. புதிதாகப் புள்ளி விழுந்தால் அந்த வாரமே ஒரு துளி வைத்துவிடலாம், துரு எடுக்கும் வேலையே வராது.